பதினைந்தாவது வாட்சு

“எனக்குத்தான்யா வாட்சு. என் கையில நான் கட்டப் போறேன். உமக்கென்ன?” என்று பச்சைப் பொய்யை எடுத்துவிட்டார் சுந்தரபாண்டியன்.

“கோவிச்சுக்கிடாதேயும். இந்த வயசுல ஸ்மார்ட் வாட்சுக்கு விடியக்காலம் வந்து நிக்கீரேன்னு கேட்டேன்” என்றார் வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற தளவாய்புரம் வேல்பாண்டி.

“நீரு மட்டும் என்ன இளவட்டமா? நீரு யாருக்கு வாங்குதீரு?”

“எனக்குத்தான்!” என்று வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அவர்.

சுந்தரபாண்டியன் உண்மையை எப்படிச் சொல்வார்? மகள் மாரீஸ்வரிக்கு முப்பது வயதில் இப்போதுதான் ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளைக்கு வாட்சு போடுவது வழக்கம்தான். ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் இந்த மாப்பிள்ளை, இன்றைக்கு விற்பனைக்கு வரும் இந்த வாட்சுதான் தட்டில் இருக்கவேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். இல்லையென்றால் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று வேறு ஒரு வார்த்தை.

ஏற்கெனவே இரண்டு வரன்கள் ஊர் வாயில் விழுந்து தட்டிப்போயின. அதனால் நிச்சயம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மனைவி வெள்ளத்தாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையும் “கண்ணு பட்டுரும் மாமா, வெளிய சொல்லாதீங்க” என்றார். எம்புட்டு பொறுப்பான பிள்ளை என்று இவர் பூரித்துப்போனார்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த அந்தக் கடை ஒன்பது மணிக்குத் திறந்தது. உள்ளே போக முட்டி மோதிய கூட்டத்தின் முன்னால், கடையில் வேலை பார்க்கும் கேத்ரின் வந்து நின்றாள்.

“வந்தது பதினஞ்சு பீஸ்தான். மத்தவங்க செவ்வாக்கிழமை வாங்க, அடுத்த லோடு வந்துரும்.”

அவ்வளவுதான், கூட்டம் கொதித்துப்போனது. “பதினஞ்சை வச்சுக்கிட்டா ஊரு பூரா போஸ்டர் ஒட்டுனிய?” என்று ஒருவர் கத்தினார். “லீவு போட்டுட்டு வந்துருக்கேம்மா, செவ்வாக்கிழமையும் உங்க கடை வாசல்லயே கிடக்கவா?” என்று இன்னொருவர் கையை நீட்டினார்.

சுந்தரபாண்டியன் பதறிப்போய்த் தலைகளை எண்ணினார். வேல்பாண்டி பதினைந்து. இவர் பதினாறு. மறுபடி எண்ணினார், பதினாறேதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர், பாழாய்ப்போன ஒரு டீக்காக நின்ற நேரத்தில்தான் இந்த மனுசன் முந்திவிட்டார்.

“அண்ணாச்சி” என்று குழைந்தார். “உங்களுக்குத்தான? செவ்வாக்கிழமை வாங்கிக் கட்டுனா கை கோவிச்சுக்கிடுமா?”

“ஏன், உமக்கு செவ்வாக்கிழமை கை இருக்காதோ?”

சரியான கல்நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் வைதார் சுந்தரபாண்டியன். வரிசை ஒவ்வொரு ஆளாகக் குறையக் குறைய, இவருக்கு நிற்க முடியவில்லை. வெள்ளத்தாய் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். எடுத்து என்ன சொல்ல? எடுக்கவில்லை.

கடைசிப் பெட்டி வேல்பாண்டி முன்னால் வந்தது. திறந்து பார்த்தவர் முகம் சுளித்தார். “கருப்பா? வேற கலர் இல்லையாம்மா?”

“இது ஒண்ணுதான் சார் இருக்கு.”

“சரி, பில்லைப் போடு” என்றபடி அவர் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து உதறினார். நான்கு மூலையிலும் குங்குமம் வைத்திருந்தது.

சுந்தரபாண்டியனுக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. தன் கையில் தான் கட்டுகிற வாட்சுக்கு எவனாவது குங்குமம் வைத்த பை கொண்டுவருவானா? “அண்ணாச்சி, உங்க வீட்டுலயும் நல்ல காரியமா?” என்று கேட்டவர், அடக்கமாட்டாமல் கொட்டிவிட்டார். “நான் சொன்னது பொய்யி. என் மகளுக்கு ஞாயித்துக்கிழமை நிச்சயம். இந்த வாட்சு இல்லைன்னா எம்பிள்ளை வாழ்க்கை போயிரும், அண்ணாச்சி.”

வேல்பாண்டியின் கல்நெஞ்சு இளகிவிட்டது.

“அட என்னய்யா நீரு! இதை மொதல்லயே சொல்லப்பிடாதா? எனக்கும் மகளுக்குத்தான். புதன்கிழமை நிச்சயம். கண்ணு பட்டுரும்னு நானும் வாயைத் தொறக்கல” என்றார். “எனக்குச் செவ்வாக்கிழமை கிடைச்சாப் போதும். பொம்பளப்பிள்ளை காரியம் நிக்கக்கூடாது. ஏம்மா, இவுக பேருக்கே பில்லைப் போடு.”

சுந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேல்பாண்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க தெய்வம் அண்ணாச்சி. குடும்பத்தோட நிச்சயத்துக்கு வந்துரணும். இனிமே உங்ககிட்ட என்ன மறைப்பு? எங்க மாப்பிள்ளையப் பாருங்க” என்று போனைத் திறந்து போட்டோவை நீட்டினார்.

வேல்பாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“ஏம்மா, பில்லை நிறுத்து!”

“என்ன அண்ணாச்சி, சொன்ன வாக்கை மாத்துதிய?” என்று பதறினார் சுந்தரபாண்டியன்.

“யோவ், இந்தப் பயலுக்குத்தான்யா நானும் வாங்க வந்தேன்!”