தூறல் என்ற பயனர்

எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய காலத்துக் கம்ப்யூட்டர் அது. பழைய சாமான் கடையில் நான்தான் வாங்கி வந்தேன். எதுவும் பதியாத புது ஹார்ட் டிஸ்க்கை உறை பிரித்து மாட்டி, சிஸ்டம் ஏற்றினேன். பயனர் பெயர் கேட்டது. என் கணவர் எனக்கென்றே கண்டுபிடித்த செல்லப்பெயரைக் கொடுத்தேன்: தூறல்.

‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். கடவுச்சொல்?’

“என்னங்க, இந்த டப்பா உளறுது, வந்து பாருங்க!”

கம்ப்யூட்டர் என்றாலே பெரிய கும்பிடு போட்டு ஒதுங்குகிற மனுஷர். பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். படித்தார். சிரிக்கவில்லை. குனிந்து, விசைகளைப் பார்க்காமலே தட்டினார். திறந்துகொண்டது.

என்னிடம் மட்டும் பேசுகிற அந்தக் குரலில், திரையைப் பார்த்துக் கேட்டார்:

“இத்தனை வருஷமா எங்கடி போயிருந்தே, தூறல்?”