ஞாயிற்றுக்கிழமை வாள் சண்டை

"இடது தோளைத் தூக்குடா ஷிமோன். பத்து வருஷமா சொல்றேன், மண்டையில ஏறல."

அவர் வாள் என் கேடயத்தைத் தாண்டித் தோளில் இறங்கியது. கோட்டைத் திருவிழாவில் நடித்துக் காட்டும் போருக்காக மழுங்கடித்துச் செய்த வாள்தான். ஆனாலும் எலும்பு வரை வலித்தது.

"என்னடா, அப்பனுக்கு வயசாச்சுன்னு பாவம் பாக்கறியா?"

முகக்கவசம் போட்டவன் பேசக் கூடாது என்பது அவர் வைத்த விதி. மண்டியிட்டு, கைப்பிடி அவர் பக்கம் இருக்க வாளை நீட்டினேன். தோற்றவர் அப்படித்தான் தர வேண்டும்.

அவர் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். "பிசிறு நிக்குது. அரம் போட்டு வை. உங்கம்மா கண்ணுல படாம செய். இந்த வாளுங்களை அவ சக்களத்தியாத்தான் பாக்கறா."

கொட்டகைக்குள் போய்க் கவசத்தைக் கழற்றினேன். நரைத்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, இரண்டு கிண்ணம் சூப்போடு தோட்டத்துக்கு வந்தேன்.

"யார்மிலா, நம்ம பையன் எங்க? அவனுக்கும் ஒரு கிண்ணம் வை."

வைத்தேன். ஷிமோனை அடக்கம் செய்து நான்கு வருடம் ஆகிறது. சொல்லும் ஒவ்வொரு முறையும் அன்றுதான் கேள்விப்பட்டவர்போலக் கதறுவார். அடுத்த நாளே மறந்துவிடுவார். சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

"நீ ஏன் தோளைப் பிடிச்சிக்கிட்டு நிக்கற?"

"கதவுல இடிச்சிக்கிட்டேன்."

"பாத்து நடக்க மாட்டியா" என்று எழுந்து வந்து, மெல்லத் தேய்த்துவிட்டார்.