தொண்ணூற்று மூன்று விழுக்காடு

மடியிலிருந்த சான்றிதழ்க் கோப்பைத் திறக்கலாமா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். இரண்டு மணிக்குப் பள்ளியில் நேர்காணல். உடற்கல்வி ஆசிரியர் வேலை. பதினோரு வருடம் பேஸ்பால் ஆடி முழங்கால் தேய்ந்துபோனவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வாசல்தான்.

நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்து நகரில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்துவிட்டார்களாம். எங்கே பூட்டு உடைந்தாலும் ஜீப் நேராக அவன் தெருவுக்குத்தான் வரும். அந்தத் தெருக்காரர்கள் பிறவித் திருடர்கள் என்று வெள்ளைக்காரன் ஒரு சட்டத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனான். அந்தச் சட்டத்தை ரத்து செய்து எழுபது வருடத்துக்கு மேலாகிறது. ஜீப்புக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

பேருந்துக்கு நின்றவனை அப்படியே ஏற்றிக்கொண்டார்கள். சித்தப்பாவை ஏற்கெனவே கம்பிக்கு உள்ளே வைத்திருந்தார்கள்.

"நீ என்ன வேலடா பாக்குற?" என்றார் ஆய்வாளர்.

"பேஸ்பால் பிளேயர் சார். ஸ்டேட் டீம்."

அவர் நம்பவில்லை. நம்பும் முகமாகவும் இல்லை.

கோப்பில் மாநிலச் சங்கத்தின் முத்திரை குத்திய தாள் ஒன்று இருந்தது. அவனைப் பற்றி யாரோ நல்லதாக எழுதித் தந்த ஒரே தாள். காட்டினால் விட்டுவிடுவார்கள்.

காட்டத்தான் பயமாக இருந்தது.

அந்தத் தாளில் கணக்கிட்டிருந்த ஓட்டத்தை மைதானத்தில் எல்லோரும் ஸ்டீல் என்றுதான் சொல்வார்கள்; பாத்திர ஸ்டீல் இல்லை. பந்து எறிபவனின் கை அசையும்போது அடுத்த தளத்துக்கு, தரையில் பதித்த வெள்ளைத் திண்டுக்கு, பாய வேண்டும். பந்து வருமுன் காலை வைத்துவிட்டால் தளம் உனக்கு. ஆனால் பயிற்சியாளர் அறவாழிக்குத் தமிழ்ப்பற்று கொஞ்சம் அதிகம். சான்றிதழில் ஓர் ஆங்கிலச் சொல்லும் வரக்கூடாதென்று ஒரு வாரம் அகராதியோடு மல்லுக்கட்டினார். நல்ல மனுஷர். அவர் தெருவுக்கு ஜீப் வந்ததில்லை.

பன்னிரண்டரை ஆனது.

தாளை நீட்டினான்.

ஆய்வாளர் உரக்க வாசித்தார். "திருட்டு முயற்சி அறுபத்தொண்ணு. வெற்றி அம்பத்தேழு. வெற்றி விழுக்காடு தொண்ணூத்து மூணு."

எழுத்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்ற காவலர் சிரித்தார். அடி வாங்கி உட்கார்ந்திருந்த சித்தப்பாகூடச் சிரித்துவிட்டார்.

அவசர அவசரமாக விளக்கினான். பெஞ்சைத் தளமாக்கி, மேசையை அடுத்த தளமாக்கி, வலிக்கிற முழங்காலோடு குனிந்து நின்றுகூடக் காட்டினான்.

ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ சொன்னார்.

"அறுபத்தொண்ணுல அம்பத்தேழு போக மிச்சம் நாலு. அந்த நாலு தடவ எப்படி மாட்டுன?"

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பதினோரு வருடத்தில் வீட்டில்கூட யாரும் இதைக் கேட்டதில்லை. மணியை மறந்தான்.

முதல் தடவை திண்டுக்கல்லில், அவசரப்பட்டுக் கிளம்பிவிட்டான். அடுத்தது சேலத்தில், ஓடும்போது திரும்பிப் பார்த்ததால் போனது. மூன்றாவது கோவையில், மழை ஈரத்தில் வழுக்கிவிட்டது. ஒவ்வொன்றையும் ஊர்ப் பெயரோடு, வருடத்தோடு சொன்னான். எழுத்தர் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார். அவன் அதைக் கவனிக்கவில்லை.

"நாலாவது நான் மாட்டவே இல்ல சார். நான் போய்ச் சேந்த பெறகுதான் பந்து வந்துச்சு. அம்பயர் சரியா பாக்கல. அவுட்டுன்னு கையத் தூக்கிட்டாரு."

ஆறு வருடமாகியும் அது ஆறவில்லை.

ஆய்வாளர் எஃப்.ஐ.ஆர். தாளை முன்னால் இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"மாட்டுன எல்லாருமே இதத்தான்டா சொல்றீங்க."

பிறகு அவன் அப்பா பெயரைக் கேட்டார்.