மகேந்திரராஜாவின் சூப்பர்சார்ஜர்

"இன்னும் கொஞ்சம் வேகம் வேணும், சிறி," என்றார் மகேந்திரராஜா.

மெக்கானிக் சிறிதரன் பொனற்றுக்குள் கவிழ்ந்திருந்த தலையை வெளியே எடுத்து அவரைப் பார்த்தான். இந்த மனிதர் கிரவீனில் உள்ள வீட்டிலிருந்து பக்கத்து ஊரான டூங்கபியில் இருக்கும் அவனுடைய கராஜுக்கு வந்து சேர்வதற்குள் பின்னால் ஏழெட்டுக் கார் ஊர்வலம் கட்டிவிடும். அறுபது போகலாம் என்று பலகை போட்ட தெருவில் நாற்பதைத் தாண்டமாட்டார். அறுபத்தொரு வயதில் இவருக்கு என்ன பிடித்தது?

கார் ஐம்பது வருசப் பழசு. மஞ்சள் நிறம், 'சார்ஜர்' என்ற மொடல், ஆறு சிலிண்டர். ஒன்பது வருசமாக அதை வேறு யாரையும் துடைக்கக்கூட விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பார், தூறல் விழுந்தால் கோயிலும் இல்லை.

"அண்ணை, காபரேட்டர் மாத்தியாச்சு. கேம்ஷாப்ட் மாத்தியாச்சு. காணாதோ?"

"சூப்பர்சார்ஜர் ஒண்டு போட்டால்?"

"கார் பறக்கும். நீங்கள் பறப்பியளோ?"

"அதை விடும். போட்டால் எஞ்சினியர் வந்து பார்த்துச் சேர்ட்டிபிக்கற் தருவார் என்ன? எழுத்திலை தருவார்தானே?"

"ஓம், எழுத்திலைதான்."

"அப்ப போடும்."

சிறிதரனுக்கு விசயம் விளங்கியது அடுத்த சனிக்கிழமைதான். மஞ்சள் கார் வந்து கராஜ் வாசல் தூணை மயிரிழையில் தவறவிட்டு நின்றது. முன்னும் பின்னும், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் மாட்டவேண்டிய சிவப்பு 'பி' அட்டை. உள்ளேயிருந்து இறங்கியவன் மகேந்திரராஜாவின் மருமகன் அனோஜன்.

அனோஜன் அவருடைய மகளைக் கல்யாணம் முடித்து இரண்டு வருசத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவன். அங்கே மோட்டார் சைக்கிள் தவிர வேறொன்றும் ஓட்டியதில்லை. இங்கே நாலாம் தரம் போய் லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், "மாமா, திறப்பைத் தாங்கோ," என்பான். வேறு யாரையும் தொடவிடாத மாமாவும் இரண்டு கையாலும் சாவியைக் கொடுப்பார். முதல் மாதம் கண்ணாடி போனது, அடுத்த மாதம் கதவு நெளிந்தது. இரண்டையும் திருத்தியவன் சிறிதரன்தான்.

"சூப்பர்சார்ஜர் எப்ப பூட்டுவியள் அண்ணை? மாமாவைப்போல ஆள் கிடையாது," என்று அனோஜன் பூரித்துப்போய் நின்றான்.

அட, இவ்வளவும் மருமகனுக்கா! தூணைத் தப்ப விடவே திண்டாடுகிறவன் கையில் இந்த எஞ்சினைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சிறிதரனுக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே மகேந்திரராஜாவின் மனைவி நாகேஸ்வரி போன் எடுத்தார். "தம்பி, இவருக்குச் சொல்லி விளங்கப்படுத்துங்கோ. மருமகன் அந்தக் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் திரும்பி வருமட்டும் நான் சாமியறையிலைதான் இருக்கிறன். என்ரை பிள்ளையின்ரை தாலி உங்கடை கையிலை." சொல்லிவிட்டு அழுதார்.

சிறிதரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏதும் நடந்தால் செத்தவீட்டில் எல்லாரும் தன்னைத்தான் காட்டிக் கதைப்பார்கள் என்று நினைத்தான். மகேந்திரராஜாவைக் கூப்பிட்டு மன்றாடியும் பார்த்தான்.

"அண்ணை, பொடியன் இப்பதான் பழகினவன். இந்த வேகம் அவனுக்கு வேண்டாம்."

"பொடியனை நினைச்சுத்தான் போடச் சொல்லுறன், சிறி. போடும்."

போட்டான். வேறென்ன செய்வது? அவன் மாட்டேன் என்றால் இன்னொருத்தன் போட்டுக் கொடுப்பான், அதுவும் ஒழுங்கில்லாமல். பிரேக்கையாவது நல்லதாகப் போடுவோம் என்று அதையும் சேர்த்து மாற்றினான்.

சோதிக்க வந்த எஞ்சினியர் கல்யாணசுந்தரம் சென்னைக்காரர். அவர் காரை முடுக்கியதும் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்ததாகப் பிறகு கேள்வி. எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். மகேந்திரராஜா அதைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிக்கொண்டார்.

லீவு போட்டு வந்திருந்த அனோஜன், புதுக் கறுப்புக் கண்ணாடியோடு திறப்புக்குக் கை நீட்டினான்.

"நீங்களா ஓட்டப் போறீங்க? என்ன லைசென்ஸ்?" என்று கேட்டார் கல்யாணசுந்தரம்.

"சிவப்பு பி."

"அப்போ தொடக்கூடாது சார். பழைய வண்டில எஞ்சினை இந்த அளவுக்கு மாத்திட்டா பி லைசென்ஸ்காரங்க ஓட்டக்கூடாது, சட்டம். சிவப்பு ஒரு வருஷம், பச்சை ரெண்டு வருஷம். மூணு வருஷம் பொறுத்துக்கோங்க."

அனோஜனின் முகம் செத்துப்போனது. மகேந்திரராஜா தலையில் கை வைத்தபடி அங்கே கிடந்த பழைய கார் ரயரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ தம்பி, ஆசை ஆசையாச் செய்தது இப்பிடி முடிஞ்சு போச்சே."

"பரவாயில்லை மாமா, நீங்கள் மனதை விடாதேங்கோ," என்று மருமகன்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஸ்டேசன் பக்கம் நடந்தான்.

இப்படியொரு சட்டம் இருப்பது சிறிதரனுக்கும் புதுச் செய்திதான்; பொடியன் உயிர் தப்பினான் என்று அவனுக்குப் பெரிய நிம்மதி. இருந்தாலும் மாமனாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கவலைப்படாதேங்கோ அண்ணை. எல்லாத்தையும் கழட்டிப் பழையபடி ஆக்கித் தாறன். சிவப்பு பிக்காரனும் ஓடலாம்."

மகேந்திரராஜா சட்டென்று எழுந்தார். தெருமுனையில் மருமகன் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிறிதரனின் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் குனிந்தார்.

"விசர்க்கதை கதையாதையும். மருமகனுக்கு இல்லையெண்டு நான் சொல்லேலுமே? அதுதான் அரசாங்கத்தைக் கொண்டு சொல்லுவிச்சனான்."