மாப்பிள்ளையின் மஞ்சள் ஹெல்மெட்

மூன்றாவது மாடி மூலையில் நின்றிருந்தவனுக்கு மட்டும் எல்லாம் புதுசு. தலையில் மஞ்சள் ஹெல்மெட், தோளிலிருந்து இடுப்புவரை பட்டை பட்டையாகப் பாதுகாப்பு பெல்ட், அதன் கொக்கி பக்கத்து இரும்புக் குழாயில். மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்த விடுதிக் கட்டடத்தில் வேலை செய்த மற்ற பதினோரு பேருக்கும் தலையில் துண்டுதான்.

அவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றார்கள். பின்னே? போன வாரம் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேஸ்திரி செங்கோடனோடு வேனில், அதுவும் முன்சீட்டில் வந்தவன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஒருதரம்கூட வாந்தி எடுக்காதவன். போட்டிருந்தது மேஸ்திரியின் கட்டம் போட்ட சட்டை.

ஒரு செங்கல் தூக்க வேண்டாம், ஒரு சட்டி கலவை எடுக்க வேண்டாம். காலையிலிருந்து சாயந்திரம்வரை ரோட்டைப் பார்த்து நின்றால் போதும். கல்லுளிமங்கன், யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டான். கொடுத்து வைத்தவன்.

சித்தாள் பூங்குழலிக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய தம்பி இளங்கோவுக்குப் பத்தொன்பது வயது. அதே மூலையில் சாரத்தில் நின்று வெளிச்சுவர் பூசுகிறவன். முந்தாநாள் பனியில் நனைந்த பலகை வழுக்கி, சாரக் கம்பைக் கட்டிப்பிடித்துத் தப்பினான். கீழே கருங்கல் ஜல்லி. எடப்புளி நாட்டுக் கிராமத்திலிருந்து அவனை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே அவள்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை மேஸ்திரியிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க மேஸ்திரி, அந்த பெல்ட்ட எந்தம்பிக்குக் குடுங்க. மாப்பிள்ளை சும்மாதானே நிக்கறாரு?"

செங்கோடன் வெற்றிலையைத் துப்பிவிட்டு விளக்கினார். மலைக்கு வந்திருப்பது ஒரே ஒரு செட். அதையும் அழுக்குப் படாமல் திருப்பித் தர வேண்டும் என்று எஞ்சினியர் மோகன்ராஜ் உத்தரவு. இன்றோ நாளையோ பாதுகாப்பு ஆய்வுக்கு அமலோற்பவம் மேடம் வருகிறார். மேடத்துக்கு முட்டிவலி, மாடி ஏறமாட்டார். ரோட்டில் ஜீப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ரோட்டிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறவன் மாப்பிள்ளைதான். இளங்கோவுக்குக் கொடுத்தால் அரை மணியில் சிமெண்டைப் பூசிவிடுவான்.

"உந்தம்பிய காலப் பாத்து வெக்கச் சொல்லு கண்ணு," என்று முடித்துவிட்டார்.

அப்படியானால் மாப்பிள்ளையிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றாள் பூங்குழலி. தாராளமாகக் கேள் என்று செங்கோடன் விழுந்து விழுந்து சிரித்தார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். மாப்பிள்ளை இறங்கவில்லை, அவன் என்றைக்கு இறங்கினான்? பூங்குழலி தூக்குச்சட்டியைத் திறக்காமல் தம்பியை இழுத்துக்கொண்டு மேலே போனாள். கால் மணி கழித்து அவள் மட்டும் திரும்பி வந்தாள். மழை வருவதற்குள் பூச்சை முடிக்க வேண்டுமென்று இளங்கோ மேலேயே தங்கிவிட்டானாம். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கூட வேலை செய்யும் பாவாயி கண்ணடித்தாள்.

"மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லலக்கா," என்றாள் பூங்குழலி. இரண்டு நாளைக்கப்புறம் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு மலையை மூட்டம் மூடியது. கூடவே ஜீப்பும் வந்து நின்றது. செங்கோடன் ஓடிப்போய்க் கும்பிட்டார். மேல் மூலையில் மஞ்சள் ஹெல்மெட் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பெல்ட் இல்லாமல் ஒருத்தனை ஓரத்தில் நிற்க விடுவேனா, நீங்களே பாருங்கள் என்று பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினார்.

நீட்டிய கையை மடக்குவதற்குள் பலகை சரிந்தது. மஞ்சள் ஹெல்மெட் அந்தரத்தில் தொங்கி ஆடியது.

மேடம் அலறிவிட்டார். பூங்குழலி தலையிலிருந்த கலவைச் சட்டியைப் போட்டுவிட்டுப் படியில் பாய்ந்தாள். ஆட்கள் பின்னாலேயே ஓடினார்கள். மாடியில் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்த மாப்பிள்ளையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே செங்கோடன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தார்.

"பயப்படாதீங்க மேடம். அவன் கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆவாதுங்க. தூக்கி நிறுத்திக்கலாம்."

"நீங்கெல்லாம் மனுசன்தானா?" என்றார் மேடம்.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சிரிக்காதீங்க மேஸ்திரி, சீக்கிரம் ஆளனுப்புங்க. பெல்ட்டு இறுக்குது."

செங்கோடனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஜல்லிக் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவன் எப்படிங்க பேசுவான் என்று மேடத்திடமே கேட்டார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அதற்குள் தொங்கியவனை மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பூங்குழலி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கைப்பிடிச் சுவரோரம் வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

"வைக்கோல் அடைச்ச திருஷ்டி பொம்மைக்கு எதுக்குங்க மேஸ்திரி பெல்ட்டு?"