இரண்டுக்கு ஒன்று

தாராவிச் சந்தில், மாடித் தையல் பட்டறையின் மெஷின்கள் சாப்பாட்டுக்கு ஓய்ந்திருக்கின்றன. ஏணி வழியே கீழ் அறைக்குள் இறங்கும் மதிய வெயிலில், மாரீஸ்வரியின் ஆறு மாத வயிற்றில் பூசிய ஜெல் மினுங்குகிறது. கணவன் பேச்சிராஜா அதில் கருவின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்து அழுத்துகிறான். அவள் ரத்தத்திலுள்ள கோளாறு பிள்ளையின் இதயத்தைத் தாக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மூன்று வேளையும் இப்படித்தான் கேட்கிறார்கள். எப்போதும் தையல் மெஷின்போல் கடகடவென்று ஓடும் துடிப்பு இன்று நொண்டி நொண்டி வருகிறது. "அது என் நாடியாத்தான் இருக்கும். பிடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்கும்" என்று மணிக்கட்டை நீட்டுகிறாள். பிடிக்கிறான். விரலடியில் நாடி இரண்டு முறை அடித்த பிறகே கருவியில் ஒன்று கேட்கிறது. "என்னுதுதான? சொல்லுங்க." மாடியில் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்குகின்றன. "பந்த் கரோ!" என்று மெஷின்களை நிறுத்தச் சொல்லி மேலே பார்த்து இந்தியில் கத்துகிறான் பேச்சிராஜா, அவள் கையை விடாமல்.