திருநீறு சொட்டிய குடுவை

ஈப்போ பள்ளியின் வேதியியல் கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது. காற்று மட்டும் வரவில்லை. தீபன் செய்முறைத் தேர்வில் நிற்கிறான். புள்ளி குறைந்தால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பில் இடம் போய்விடும். குடுவையிலிருக்கும் அமிலத்தில் காரம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நிறமில்லாத நீரை இளஞ்சிவப்பாக்கும் அந்த ஒரு சொட்டைப் பிடிக்கக் குனிகிறான். காலையில் அம்மா நெற்றி நிறையப் பூசிவிட்ட திருநீறு வியர்வையோடு வழிந்து உள்ளே விழுகிறது. சாம்பலும் காரம்தானே; நேரத்துக்கு முன்பே குடுவை சிவந்துவிடுகிறது. பக்கத்து மேசைக் கவிலன் எட்டிப் பார்க்கிறான். “அதுக்குள்ள முடிச்சிட்டியா? கெட்டிக்காரன்லா மச்சான்!” “நான் எங்க முடிச்சேன், சாமி முடிச்சிருச்சு.” திரும்பச் செய்ய அமிலம் மிச்சமில்லை. தீபன் கைக்குட்டையை நெற்றிவரை கொண்டுபோகிறான். துடைக்காமல் பைக்குள் வைத்துக்கொள்கிறான். பிற்பகலில் உயிரியல் தேர்வு இருக்கிறது.